முதல் வரி

லோகாவின் சுருதிப்பெட்டிக்கு மூச்சு வாங்கும். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த மறுநாள் விடியலில், கண்ணைத் திறக்கும் முன்பே, சுவருக்கு அப்பாலிருந்து எனக்குக் கேட்ட முதல் சத்தம் அதுதான். ஒரே குரலில் நீளமாக ஒரு முனகல், நடுவில் ஒரு பெருமூச்சு, மறுபடி முனகல். துருத்தித் தோலில் எங்கேயோ ஓட்டை இருந்திருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும். எங்கள் வீட்டில் பாட்டு என்றால் செய்தி கேட்க வைத்த ரேடியோவை மூட மறந்தபோது வருவது. எழுந்து அடுக்களைக்குப் போய் மாமியாரிடம் தணிந்த குரலில், "அந்த ரூம்ல யாருக்கு அத்தை மூச்சுக் கோளாறு?" என்று கேட்டேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முனகல் நின்றது. என் கணவரின் தங்கை லோகநாயகி, அப்போதுதான் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்திருந்தவள், கதவுநிலையில் வந்து சாய்ந்து நின்றாள். தன் காதுமடலை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்து விட்டாள். "அண்ணன் எம்.ஏ. படிச்ச பொண்ணுதான் வேணும்னான். காது இருக்கான்னு பாக்கல. என்ன மதினி?" அத்தை சிரித்தாள், மாமா வாசலில் இருந்து சிரித்தார், என் கணவரும் சிரித்திருப்பார், அவர் முகம் அந்த நினைவில் இல்லை. காது மட்டும் இருக்கிறது. மெலிந்த, சிவந்த, சின்னக் கல் தோடு போட்ட லோகாவின் காது. இப்போது என் தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறிக்கும் அதே மாதிரி ஓர் ஓட்டை. சுற்றுக்கு ஒரு பெருமூச்சு. குறில் நெடில், குறில் நெடில், நிரையசை, நிரையசை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை கல்லூரியில் யாப்பு நடத்தியவளுக்கு விசிறிகூட அசை பிரிந்துதான் கேட்கிறது. கேட்க வேண்டியது விசிறியை அல்ல. எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கைலாசம் சார் கண்ணை மூடிக்கொண்டு வயலின் வாசிக்கிறார். அது என்ன ராகம் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, எந்த இடத்தில் கண்டுபிடித்தோம் என்றும் சொல்ல வேண்டும்.

தெற்கு பஜாரில் பாத்திரக்கடைக்கு மேலே சபாவின் மாடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இசை கேட்கும் வகுப்பு. பாடக் கற்றுத்தருவதில்லை, கேட்க மட்டும். வாய் திறக்கக் கூடாது என்பது சார் முதல் நாளே போட்ட சட்டம். "பாடுறவங்க ஊர்ல நெறைய இருக்காங்க. கேக்குறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார். எங்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் குழந்தையைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு நேரம் போக வேண்டுமே என்று வருகிறவர்கள். என் பக்கத்து நாற்காலியில் சுடலைமுத்து சார், ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவர். வில் தந்தியைத் தொட்ட உடனேயே என் காதுப்பக்கம் சாய்ந்து ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். சபையில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முன் சொல்லிவிட வேண்டும், தப்பாக இருந்தால் வயலின்காரர் ஏதோ மாற்றி வாசித்துவிட்டார் என்று முகத்தைச் சுளிக்க வேண்டும். "மேடம், இது தோடி. தோடி இல்லைன்னா மீசைய எடுத்துருதேன்." அவருக்கு மீசை கிடையாது. நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தோடியும் ஒன்றுதான், அவர் வைக்காத மீசையும் ஒன்றுதான். நான் இங்கே ராகம் கற்றுக்கொள்ள வரவில்லை. ஒரு பெண் என்னிடம் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாள், அது என்னவென்று தெரிந்துகொள்ள வந்தேன். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 'அதற்குள்' எதற்குள் என்று டாக்டர் சொல்லவில்லை. "இன்னொரு தடவை வரலாம். வராமலும் போகலாம். வந்தா தாங்க மாட்டாங்க" என்றார், பேனா மூடியைத் திருகிக்கொண்டே. பேனா மூடி கிறீச்சென்றது. அது எந்த ஸ்வரம்.

லோகா காப்பி டம்ளரோடு விழுந்தாள். பங்குனி வெயிலில், முற்றத்துக் குழாயடியில். டம்ளர் உருண்ட சத்தம் நிற்கிறவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஏதோ கைதவறி என்று நினைத்தேன். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கை போயிருந்தது, வலது கால் போயிருந்தது, பேச்சு சுத்தமாகப் போயிருந்தது. ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் இல்லை, மதினி இல்லை, ஆமாம் இல்லை கூட இல்லை. எழுத்தையும் காட்டிப் பார்த்தேன், பெரிய பெரிய எழுத்தாகப் பலகையில் எழுதி. அ என்பதைப் பழைய ஜன்னல் கம்பியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவள் காலம் முழுக்க என்னைச் சொன்னது நினைவுக்கு வந்தது. "மதினி, உங்களுக்கு வார்த்தைதான் காது. வார்த்தைய எடுத்துட்டா நீங்க செவிடு." கச்சேரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போன நாட்களில் நான் பாட்டின் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பாடுகிறவர் சொல்லை உடைத்து நடுவில் மூச்சு விட்டால் எனக்கு எரியும், "அந்த இடத்துல பிரிச்சா அர்த்தமே போச்சே லோகா" என்பேன். "அர்த்தம் போனா போகட்டும், அந்த மத்யமம் எங்க போய் உக்காந்துச்சு பாத்தீங்களா." பார்க்கவில்லை. மத்யமம் உட்காரும் என்றே எனக்குத் தெரியாது. என் கணவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில், ஆளுக்கு ஓர் அறை, ஒரு சுவர், சுவரின் ஒரு பக்கம் சொல், மறு பக்கம் ஸ்வரம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று நான் கேட்டதில்லை, எனக்குப் பிள்ளை இல்லை, ஏன் என்று அவள் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டோம். சாம்பாரில் வெல்லம் போடுவதற்கு. ஜன்னலைத் திறப்பதற்கு. இப்போது சொல் என் பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கத்தில் சுவர் முழுவதும் மௌனம் என்று நினைத்திருந்தேன். சித்திரையில் ஒரு மத்தியானம் அவள் பாடினாள்.

பாடினாள் என்று சொல்லலாமா. வாய் மூடியபடி ஒரு முனகல், ஆனால் சுத்தமாக, வளைவு வளைவாக. மூளையில் பேச்சு ஓர் இடம், பாட்டு வேறு இடம், இது நடப்பதுதான் என்றார் டாக்டர். ஒரே வரி. இரண்டு படி ஏறும், மூன்றாவது படியில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவள்போலத் தயங்கும், உச்சியைத் தொடும், இறங்கும்போது ஏறிய வழியில் இறங்காது, இருட்டான இன்னொரு வழியில் இறங்கும். அவ்வளவுதான். பாடிவிட்டு நிறுத்துவாள். இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டுவாள். என் முகத்தையே பார்ப்பாள். மறுபடி அதே வரி. மறுபடி தட்டல். நான் தண்ணீர் கொடுப்பேன், தலையணையை மாற்றுவேன், விசிறியைக் கூட்டுவேன், குறைப்பேன். அவள் கண்ணில் கோபம் ஏறும், தட்டல் அடியாக மாறும், கடைசியில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பகலில் பார்த்துக்கொள்ள வருகிற பேச்சியம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. "காப்பி கேக்காக ஆச்சி. எங்க வீட்டு ஆடு பசிச்சா இதே ராகந்தான் போடும்." காப்பி கொடுத்தாள். லோகா டம்ளரைத் தள்ளிவிட்டாள். "அப்ப குத்தாலத்துக்குப் போணும்னு கேக்காகளோ." அடுத்த நாள் பேச்சிக்கு வேறொரு யோசனை, அண்ணன் படத்தைக் காட்டுங்கள் என்றாள். காட்டினேன். லோகா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாடினாள், நிறுத்தினாள். ஒரு பாட்டைக் கேட்கிறாள், அதுதான், ஏதோ ஒரு பாட்டு வேண்டும், சாகும் முன் கேட்க வேண்டிய ஒன்று, வேறென்ன இருக்கும் என்று அன்றைக்குப் படுக்கும்போது முடிவு செய்தேன். அந்த வார ஞாயிறே இந்த வகுப்பில் சேர்ந்தேன். போனில் அவள் குரலைப் பதிவு செய்துகொண்டு வந்து, சாரிடம் கொடுத்தேன்.

அந்த நாளை நினைத்தால் இன்னும் உள்ளே அரிக்கிறது. சார் போனைக் காதோடு வைத்துக் கேட்டார், பிறகு ஒலிபெருக்கியில் மாட்டி எல்லோருக்கும் போட்டார். லோகாவின் முனகல் மாடி முழுக்க நிரம்பியது, அவளே நைட்டியோடு நடுக்கூடத்தில் வந்து படுத்ததுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. "முகாரி" என்றார் ஒருவர். "பைரவி" என்றார் சுடலைமுத்து சார். "ஏறும்போது இருக்கிற தைவதம் வேற, எறங்கும்போது வேற, ரெண்டுக்குமே அப்படித்தான், அதுல என்ன கண்டீங்க?" "ரிஷபத்தக் கேளுங்கய்யா." "நீங்க கேளுங்க." சாரே வில்லை எடுத்து இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார், முகம் பளபளத்தது, இப்படி ஒரு நல்ல கணக்கு அவருக்குக் கிடைத்து நாளாகியிருக்க வேண்டும். எல்லோருக்கும் அன்று நல்ல வகுப்பு. லோகாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சேர்ந்துதான் தலையாட்டினேன், எனக்கும் அந்த மூன்றாவது படியின் தயக்கம் முதல்முறையாகக் கேட்டது, கேட்ட சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் அவள் வாய் கோணியிருப்பது மறந்துபோனது. வீட்டுக்குப் போய் முகாரியில் இருக்கிற பாட்டையெல்லாம் போனில் தேடித் தேடிப் போட்டேன், துணிக்கடைக்காரன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவதுபோல. இதுவா. இதுவா லோகா. அவள் முதலில் கண்ணை மூடிக் கேட்டாள், இடது கை தாளம் போட்டது, ஓர் இடத்தில் கண்ணோரம் நனைந்தது, ஆகா பிடித்துவிட்டேன் என்று பக்கத்தில் குனிந்தேன், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அதே வரியைப் பாடி நிறுத்தினாள். அதுவும் இல்லை. அடுத்த வாரம் பைரவி. அதுவும் இல்லை. பாடுவாள், நிறுத்துவாள், பார்ப்பாள்.

மடியில் கைப்பை அதிர்கிறது. போன். வகுப்பில் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும், எடுக்கவும் கூடாது. அதிர்வு தொடையெலும்பு வரை வந்தது. பேச்சியாகத்தான் இருக்கும், வேறு யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள். நின்றது. சும்மா கூப்பிட்டிருப்பாள். பேச்சி சும்மா கூப்பிடுகிறவள் இல்லை, போனில் காசு போகும் என்று மிஸ்டு கால் கொடுத்துவிட்டு வைக்கிறவள், இது நீளமாக அடித்தது. எழுந்து போகலாமா. நான் உட்கார்ந்திருப்பது முதல் வரிசை, சார் கண்ணை மூடியிருக்கிறார், நாற்காலிக் கால் தரையில் உரசினால் அவருக்குச் சுருதி கெட்டுவிடும், ஒரு தடவை ஒரு அம்மா எழுந்தபோது வில்லை நிறுத்திவிட்டு அந்த அம்மா படி இறங்கும்வரை காத்திருந்தார். மறுபடி அதிர்கிறது. கீழே பாத்திரக்கடையில் எவனோ குடத்தைத் தட்டிப் பார்க்கிறான், விரிசல் இருக்கிறதா என்று, டங், டங், நல்ல குடம், லோகா விழுந்தபோது உருண்ட டம்ளர் இப்படி ஒலிக்கவில்லை, அது பித்தளை, உள்ளே காப்பி இருந்தது. நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்சைக் கூப்பிடுவாளா என்னைக் கூப்பிடுவாளா. என்னைத்தான். "ஆச்சி வாங்க" என்பாள், நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், கடைசியாக என்ன பாடினாள் என்று கேட்டால் அதே ராகந்தான் என்பாள். விரல் பையின் ஜிப்பை இழுக்கிறது. அப்போது சார் வாசிப்பதை நிறுத்தினார்.

யாருக்கும் பெயர் சொல்ல வரவில்லை. சுடலைமுத்து சார் தோடியிலிருந்து இரண்டு தடவை மாறிவிட்டார். சார் சலித்துக்கொண்டார். "இந்த ஒரு அசைவு உங்களுக்குக் கேக்கவே இல்ல. மூணு வாரமாச் சொல்லுறேன். இந்த ஸ்வரம் ஓர் எடத்துல நிக்காது, ஊஞ்சல் மாதிரி ரெண்டு பக்கமும் போய்ட்டு வரும்." வயலினை மடியில் சாய்த்து வைத்தார். "சரி. இன்னிக்குச் சட்டத்த மாத்துவோம். காதால மட்டும் இது பிடிபடாது, தொண்டைல போட்டுப் பாத்தாத்தான் தெரியும். நான் ஒரு வரி பாடுறேன், திருப்பிப் பாடுங்க." கூட்டத்தில் ஒரு சலசலப்பு, நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ கனைத்தார்கள். அவர் பாடினார். எல்லோரும் பாடினார்கள், கோணல்மாணலாக, தண்டவாளம் மாறும் ரயில்போல. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

"அம்மா, நீங்களும்."

"எனக்குக் காது கிடையாது சார். எங்க வீட்ல கேட்டாச் சொல்லுவாங்க."

"காத யாரு கேட்டா. வாயத் தொறங்க."

சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் பழகியது, அடுக்களையில் முந்தானைக்குப் பின்னால் தொடங்கியது. அவர் பாடினார். பாடி நிறுத்தினார். இப்போது என்னை மட்டும் பார்த்தார். தாடை கொஞ்சம் உயர்ந்திருந்தது, புருவம் உயர்ந்திருந்தது, தொடையில் கை தாளத்தைப் போட்டுக்கொண்டே இருந்தது, பாட்டு நின்றுவிட்டது ஆனால் தாளம் நிற்கவில்லை, அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தார். மாடி முழுக்க அந்த இடம் காலியாக இருந்தது. நான் அந்தக் காலியைக் கேட்டேன். வேறு வேலை தெரியாதவள், அளந்தேன். கண்ணிமைக்க ஒரு மாத்திரை, குறிலுக்கு ஒன்று நெடிலுக்கு இரண்டு. அவர் பாடிய வரி எவ்வளவோ அவ்வளவே மௌனம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு வெண்பாவில் ஒரு சீரை அழித்துவிட்டால் அந்த இடம் எப்படி நிற்குமோ அப்படி. அவர் மறுபடி பாடினார். மறுபடி அதே அளவு. கட்டில் விளிம்பு. இடது கை. தட்டல், நான் கோபம் என்று நினைத்த தட்டல். வார்த்தை போனவர்கள் வாயைத்தான் பார்ப்பார்கள், உதட்டசைவைப் படிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து நான் மெதுவாக, தெளிவாக, லோ-கா, என்-ன வே-ணும் என்று பேசிப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன், அவளுடைய மௌனத்துக்குள் சொல்லைச் சொல்லாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி நான் லோகாவின் பள்ளிக்கூடத்து மதிலோரமாகத்தான் நடந்து வருவேன், எத்தனை வருஷம். மதிலுக்கு உள்ளே ஒரு குரல் பாடும், உடனே வகுப்பு முழுக்கத் திருப்பிப் பாடும். ஒரு குரல், வகுப்பு. ஒரு குரல், வகுப்பு. தப்பாகப் பாடினால் அதே வரி மறுபடி. சரியாகும்வரை லோகா அடுத்த வரிக்குப் போக மாட்டாள், பிள்ளைகள் சொல்லுவார்கள், பாட்டு டீச்சர் ஒரு வரியில ஒரு வாரம் நிப்பாக என்று. அந்த ஒற்றைக் குரலுக்குப் பின்னால் இடைவெளி இருந்ததே எனக்குத் தெரியாது, அதை எப்போதும் பிள்ளைகள் நிரப்பியிருந்தார்கள். அவள் எதையும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை, காப்பி கேட்கவில்லை, எந்தப் பாட்டையும் போடச் சொல்லவில்லை. வகுப்பு எடுக்கிறாள். பதில் வரவில்லை. சித்திரை முழுக்க, வைகாசி முழுக்க, பாடிவிட்டுக் காத்திருந்தாள், நாங்கள் முகாரியா பைரவியா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா?"

வாயைத் திறந்தேன். ஏதோ வந்தது. சுடலைமுத்து சார் மெதுவாக, "கேட் கதவுக்கு எண்ணெய் போடணும் மேடம்" என்றார். நான் எழுந்தேன். நாற்காலி தரையில் உரசியது, உரசட்டும். சார் ஏதோ கேட்டார், வீட்டில் என்று மட்டும் சொன்னேன், செருப்பு இடது வலது மாறியது, படியில் மாற்றிக்கொண்டேன். கீழே குடத்தைத் தட்டுகிறவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். ஆட்டோக்காரரிடம் சமாதானபுரம் என்றேன், பேரம் பேசவில்லை, அவருக்கே ஆச்சரியம். ஆட்டோ கிளம்பியதும் லோகாவின் வரியைச் சொல்லிப் பார்க்கலாம் என்று மனதில் எடுத்தேன். இல்லை. சார் பாடிய வரி வந்தது. அதைத் தள்ளினேன், கேட் கதவுக்கு எண்ணெய் வந்தது. இரண்டு படி ஏறும், மூன்றாவதில் தயங்கும், எனக்கு இப்படித் தெரியும், சொல்லாகத் தெரியும், ஏறும் இறங்கும் தயங்கும் என்று வினைமுற்றாகத் தெரியும், ஓசையாக வரவில்லை. எத்தனை தடவை கேட்டது, எத்தனை தடவை போட்டுக் காட்டியது. பஸ்காரன் ஹாரன் அடித்தான், வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு நுனியும் பறந்துபோனது. பயத்தில் முதலில் போவது காதுதானோ. போன். போனை மறந்துவிட்டேன். இரண்டு அழைப்பு, இரண்டும் பேச்சி. இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கவில்லை, எடுக்க முடியாத நிலையில் இருக்கிறாள், வீடு நிறையப் பக்கத்து வீட்டுக்காரர்கள், எடுத்துவிட்டாள்.

"ஆச்சி, எத்தன தடவ கூப்புடுதேன். வரும்போது பால் பாக்கெட் ரெண்டு வாங்கியாருங்க. இருந்தது திரிஞ்சு போச்சு. இந்த வெயில்ல என்னத்த வச்சாலும்..."

அவளுக்குப் பின்னால், தூரத்தில், அறைக்குள்ளிருந்து. இரண்டு படி. தயக்கம். உச்சி. இருட்டான வழி. ஆட்டோ சத்தத்துக்கு நடுவிலும் முழுசாகக் கேட்டது, எனக்கு. பிறகு நின்றது. நான் அளந்தேன். அந்த அளவுக்குள் முழுக்க முழுக்கப் பேச்சி பாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், திரிந்தது எப்போது, பொங்கியது எப்போது, இந்தப் பால்காரனை மாற்ற வேண்டும். மறுபடி அந்த வரி. "சரி பேச்சி" என்று வைத்தேன். வரியை வாய்க்குள்ளேயே அடைத்து வைத்துக்கொண்டேன், மூக்குத்தியைத் தொலைக்காமல் இருக்க வாயில் போட்டுக்கொண்ட குழந்தைபோல, உதட்டை அழுத்தி மூடி. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "பல்லுவலியா ஆச்சி?" என்றார். தலையாட்டினேன். பேசினால் போய்விடும். பால் வாங்கவில்லை.

பேச்சி வெறுங்கையைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தபடி தானே கடைக்குப் போனாள். நல்லதாயிற்று. லோகா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் போய்க் கட்டிலின் இடது பக்கம், அவள் கை இருக்கும் பக்கம், முக்காலியில் உட்கார்ந்தேன். என் பக்கம் முகத்தைத் திருப்பினாள், நம்பிக்கையாக அல்ல, வழக்கமாக. பாடினாள். நிறுத்தினாள். கை தட்டியது. கல்லூரியில் ஆயிரம் பிள்ளைகள் முன்னால் பேசியவள், இந்த ஒருத்தி முன்னால் இத்தனை வருஷத்தில் ஒரு தாலாட்டுக்கூட முனகியதில்லை. கை தட்டிக்கொண்டிருந்தது, இடம் தீர்ந்துகொண்டிருந்தது, பாதிக்கு மேல் போய்விட்டது. விட்டுவிட்டேன். அவள் மறுபடி பாடினாள். நிறுத்தினாள். நான் பாடினேன். இரண்டு படி ஏறினேன், மூன்றாவதில் தயங்கத் தெரியாமல் விழுந்தேன், உச்சிக்கு எட்டவில்லை, ஏறிய வழியிலேயே இறங்கிவிட்டேன். என் குரல் எனக்கே யாரோ பக்கத்து வீட்டில் அழுவதுபோலக் கேட்டது. தட்டல் நின்றது. லோகா என்னைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது, ஏற்கெனவே கோணிய வாய், அது சிரிப்பா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. இடது கையை மெதுவாகத் தூக்கினாள். அது அவள் தோளிலேயே இடித்தது, கழுத்தில் உரசியது, தன் காதுவரை போய்ச் சேர்ந்தது. காதுமடலை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்து விட்டாள்.

பிறகு அந்த வரியை மறுபடி பாடினாள், இந்தத் தடவை மெதுவாக, மூன்றாவது படியில் எனக்காக நீளமாக நின்று.

லோகநாயகி அடுத்த தை மாதம் இறந்தாள். பேச்சு கடைசிவரை வரவில்லை. நாங்கள் இரண்டாவது வரிக்குப் போகவில்லை.